அடையாற்றங்கரை அடுக்ககங்கள்: அடித்தளப் பொறியாளர் பதில்கள்

கேள்வி: மணப்பாக்கத்தில் ஆற்றை ஒட்டி வீடு பார்த்திருக்கிறோம். எத்தனையாவது மாடி பாதுகாப்பானது?

பதில்: மாடியைக் கேட்பதற்கு முன் நிலத்தடித் தளத்தைக் கேளுங்கள். மின்மாற்றி, ஜெனரேட்டர், குடிநீர் மோட்டார் ஆகியவை அங்கே இருந்தால், வெள்ளம் உள்ளே இறங்கியதும் பத்தாவது மாடிக்காரருக்கும் லிப்டும் தண்ணீரும் நின்றுவிடும்.

கேள்வி: நிலத்தடியில் இரண்டு தளங்கள், கட்டடம் பைல் (மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்கள்) மேல் நிற்கிறது. அப்படியும் அஞ்ச வேண்டுமா?

பதில்: கட்டடத்தின் சுமையை ஆழத்துக்குக் கடத்தும் கணக்கு வேறு, நீர் கீழிருந்து மேலே தள்ளுவதைத் தாங்கும் கணக்கு வேறு. நிலத்தடி நீர்மட்டத்துக்கு 6 மீட்டர் கீழே இருக்கும் தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் நீர் 6 டன் விசையுடன் மேலே தள்ளும். மாடிகள் எழும்பிய இடத்தில் அவற்றின் எடையே பெரும்பாலும் அதை அழுத்தி வைத்துவிடும்; கட்டுமானம் பாதியில் இருக்கும்போதும், மேலே மாடியே இல்லாத வாகன நிறுத்தப் பகுதியிலும்தான் ஆபத்து. ஆகவே, மண் பரிசோதனை அறிக்கையில் நீர்மட்டம் எந்த மாதம் அளக்கப்பட்டது என்று பாருங்கள். மே மாதத்து அளவு நவம்பருக்கு உதவாது.

கேள்வி: கோட்டூர்புரத்தில் எட்டாவது மாடி போதுமா?

பதில்: முதல் பதிலே உங்களுக்கும். நிலத்தடித் தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: 2015 வெள்ளம் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்தது. ஏரியை ஒழுங்காக நிர்வகித்தால் கரையில் கட்டத் தடை எதற்கு?

பதில்: இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறக்கப்பட்டது உண்மை. அது வெள்ளத்தைப் பெருக்கியதும் உண்மை. ஆனால் ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. ஆற்றின் போக்கில் அதற்கு முன்பே வரும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கினவே! ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீர் எந்த மதகுக்கும் காத்திருக்கவில்லை.

கேள்வி (அவரே): அப்படியானால் மனையை இரண்டு மீட்டர் மேடாக்கிவிடலாமே?

பதில்: உங்கள் மனையில் ஏற முடியாத நீர் எதிர்க்கரைத் தெருவில் ஏறும். வெள்ளம் பரவும் நிலமும் ஆற்றின் பகுதிதான்; அதை மண் கொட்டி நிரப்புவது ஆற்றையே குறுக்குவதாகும். நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றில் குறித்துள்ள தரைமட்டத்தைப் படிக்கும்போது, மழைநீர் வெளியேற விடச் சொன்ன வழிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: முகத்துவாரம் அருகே, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இல்லாத வீடு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கொச்சி மரடில் அந்த விதிகளை மீறிய நான்கு அடுக்ககங்கள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரியில் தகர்க்கப்பட்டன. உத்தரவு வந்தபோது அவற்றில் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன.

கேள்வி: பட்டாவில் பெயர் மாற்றுவது எப்படி?

பதில்: வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.