நாவலோடு ஒரு துணைப் புத்தகம்: மருந்துக்கடையிலிருந்து பதில்கள்

கடலூர் முதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் படிப்புதான். எங்கள் வாசகர் வட்டத்தில் போன மாதம், "நாவல் படித்தால் அதே விஷயத்தைத் தொட்ட ஒரு கட்டுரைப் புத்தகத்தையும் கூடவே படியுங்கள்" என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமிருந்தும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பதில்கள் கீழே.

நெல்லிக்குப்பம், கல்லூரி மாணவி: அண்ணா, சமீபத்தில் படித்ததில் உங்களைத் தூங்க விடாத புத்தகம் எது?

இமையத்தின் 'செல்லாத பணம்'. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல். எஞ்சினியரிங் படித்த ரேவதி, வீட்டை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. என்ன நடந்தது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, புருஷன் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பேச்சுதான் நாவல்.

எங்கள் மாவட்டத்தில் பெரிய காயம், பெரிய வியாதி என்றால் "கோரிமேட்டுக்குக் கொண்டுபோ" என்பார்கள், ஜிப்மர் இருக்கும் இடம் அது. அங்கே பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள் காஸ் சுருளும் தீப்புண்ணுக்குப் போடும் வெள்ளைக் களிம்பும் வாங்க என் கடைக்கு வருவார்கள். சில்வர் சல்ஃபாடையாசின் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாது. பழைய டியூபைக் கொண்டுவந்து "இதேதான் வேணும்" என்று காட்டுவார்கள். டியூபைக் கடைசிவரை சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கியிருப்பார்கள். வாங்க வந்தவர் கையில் அந்த மருந்து வாசனை ஒட்டியிருக்கும். இமையம் அந்த மனிதர்களை அறிந்து எழுதியிருக்கிறார். "உடம்பு எத்தனை பர்சன்ட் வெந்திருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைச் சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்பதும், பதில் கிடைத்த பிறகும் இன்னொரு டாக்டரிடம் கேட்பதும் நானும் பார்த்ததுதான்.

குறை உண்டா என்றால் உண்டு. நடுவில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் துக்கம் அப்படித்தானே வரும் என்று விட்டுவிட்டேன். இந்த ஒரு நாவலுக்கு மட்டும் துணைப் புத்தகம் வேண்டாம். மூடி வைத்துவிட்டு ரெண்டு நாள் சும்மா இருங்கள்.

வில்லியனூர், அரசு ஊழியர்: பிரபஞ்சனின் நாவல்களைப் படித்தாயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பையும் படிக்கத்தான் வேண்டுமா? அளவைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது சார்.

பயம் நியாயம்தான். புதுச்சேரி பிரெஞ்சு கவர்னரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதியது. ஆங்கில மொழிபெயர்ப்பே 12 தொகுதி, அச்சாகி முடிய 1904இலிருந்து 1928 வரை ஆனது. யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கச் சொல்லவில்லை.

1746ஆம் ஆண்டில் தொடங்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைப் பட்டணத்தைப் பிடிக்கிறார்கள். பிடித்த தளபதி லா பூர்தொனேவுக்கும் கவர்னர் துய்ப்ளேக்சுக்கும் பட்டணத்தை வைத்துக்கொள்வதா, பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவதா என்று இழுபறி. பிள்ளை கவர்னருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் எழுதுகிறார். தமிழ் வருஷம், மாதம், தேதி போட்டு, யார் வந்தார், என்ன நஜர் (காணிக்கை) வைத்தார், எத்தனை பீரங்கி முழங்கியது, எந்தக் கப்பல் கரையில் நின்றது என்று வரிசையாகப் போகும். இடையில் திடீரென்று கவர்னர் மனைவியைப் பற்றி ஒரு கசப்பு. அந்த அம்மாளை அவருக்கு ஆகாது, அதை மறைக்கவும் இல்லை. அதனால் அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. படிக்கும் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

1748இல் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்ட பகுதியைக் கட்டாயம் படியுங்கள். மனசு நொந்து எழுதுகிறார். மறுநாளும் அதே துரையிடம்தான் போய் நிற்கிறார். வேலையை விடவும் முடியாது, பொறுக்கவும் முடியாது என்ற அந்த நிலைதான் பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலின் உயிர். அதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 'மானுடம் வெல்லும்' அதற்கு முந்தியது. என் கணக்கில் அதுதான் ஒரு படி மேல். நாட்குறிப்பில் ஓரமாக வந்துபோகிற தாசிகளுக்கும் எளிய சனங்களுக்கும் பிரபஞ்சன் அங்கே வாய் கொடுத்திருக்கிறார். பிள்ளை எல்லோரையும் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார், பிரபஞ்சன் தெருவில் இறங்கிப் பார்க்கிறார். ரெண்டு பார்வையும் வேண்டும்.

கடலூர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. நாம் மாலையில் காற்று வாங்கப் போகிற தேவனாம்பட்டினக் கோட்டை, பிள்ளைக்கு எதிரியான ஆங்கிலேயரின் கோட்டை. துய்ப்ளேக்ஸ் எவ்வளவோ முயன்றும் அதைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலிதான் பிடித்தார். மூன்றே வருஷத்தில் ஆங்கிலேயர் புதுச்சேரிக்குள் புகுந்துவிட்டார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் பிள்ளை கண்ணை மூடினார்.

திருப்பாதிரிப்புலியூர், வழக்கறிஞர்: வரலாற்று நாவலை ஆவணத்தோடு ஒப்பிடுவது என்ன நியாயம்? நாவல் என்ன சாட்சிக் கூண்டிலா நிற்கிறது?

வக்கீல் சார், குறுக்கு விசாரணையை நீங்களே ஆரம்பித்துவிட்டீர்கள். தேதி தப்பு கண்டுபிடிக்க ஒப்பிடச் சொல்லவில்லை. நாவலாசிரியர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று தெரிந்தால் அவருடைய மனசு தெரியும்.

மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சிவகங்கையின் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவரோடு 72 பேரையும் 1802இல் கப்பலேற்றி பினாங்குக்கு நாடு கடத்திய கதை. ஆவணம் தேடுவதில் அவர் கெட்டிக்காரர், அந்த உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. சில இடங்களில் ரொம்பவே தெரிகிறது, பாத்திரம் பேசும்போது கோப்பு பேசுகிற மாதிரி. ஆனால் கடல் பயணம் தொடங்கியதும் கதைக்கு மூச்சு வந்துவிடுகிறது. கால் விலங்கோடு மனிதர்கள் ஒரு கப்பலுக்குள் எப்படி நாள் தள்ளுவார்கள் என்பதை எந்தக் கோப்பும் உங்களுக்குச் சொல்லாது.

முத்தியால்பேட்டை, இல்லத்தரசி: விருது வாங்கிய புத்தகம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா தம்பி?

வேண்டாம் அக்கா, முதல் பத்துப் பக்கம் கடையிலேயே நின்று படித்துவிட்டு வாங்குங்கள். 2023ஆம் ஆண்டு விருது பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' உங்களுக்குப் பிடிக்கும். கொங்குப் பக்கத்துக் குடிநாவிதர் குடும்பம், காரு மாமா என்று ஒரு மனிதர், அவர் சாவுக்கு வந்து சேரும் உறவுகள். சின்னப் புத்தகம்தான். தாயக்கட்டை ஆட்டம் வரும் இடத்தில் அழாதவர்கள் குறைவு.

2024ஆம் ஆண்டு விருது பெற்றது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. இது நாவல் அல்ல, ஆய்வு நூல். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொதித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தலைவர்களைத் தாண்டி, அன்று தெருவில் இறங்கிய பெயர் தெரியாத ஆட்களைத் தேடிப் போகிறார் ஆசிரியர். அதே வருஷம்தான் பாரதி புதுச்சேரிக்கு வந்து ஒதுங்கினார். அவருடைய புதுச்சேரி நாட்களைப் பற்றி நாம் கதை கதையாகப் பேசுகிறோம். அவரை இங்கே விரட்டிய வருஷம் எப்படி இருந்தது என்பது இந்தப் புத்தகத்தில் தெரியும்.

லாஸ்பேட்டை, ஐ.டி. ஊழியர்: எல்லோரும் 'சேப்பியன்ஸ்' வைத்திருக்கிறார்கள். படிக்கலாமா?

படிக்கலாம். முதல் பாதி வேகமாக ஓடும். கோதுமையை மனிதன் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கியது என்கிற வாதம் நெல் விளைகிற ஊர்க்காரனை யோசிக்க வைக்கும். ஆனால் அதை எழுதிய ஹராரி எதையும் சந்தேகமே இல்லாத குரலில் சொல்கிறார், எனக்கு அதுதான் உறுத்தல். கூடவே டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்' வாங்குங்கள். மரபணு ஆய்வில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார்.

மஞ்சக்குப்பம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஜெயகாந்தன் நம் மண்ணில் பிறந்தவர். இந்தத் தலைமுறை அவரைப் படிக்கிறதா?

கேட்கிறார்கள் ஐயா, ஆனால் எதில் தொடங்குவது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். நான் 'அக்கினிப் பிரவேசம்' கதையைக் கொடுப்பேன். அது பிடித்தால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. கதையில், அந்நியன் ஒருவனால் சீரழிக்கப்பட்டு வீடு திரும்பிய மகள் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி மன்னித்துவிடுகிறாள். மன்னிக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நாவல். ஒரே ஆள் தன் கதைக்குத் தானே எதிர்க்கதை எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் பாத்திரங்கள் மேடைப் பேச்சு பேச ஆரம்பித்துவிட்டன என்பது என் கருத்து. நீங்கள் கோபப்பட்டாலும் சரி.

அரியாங்குப்பம், ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா: அவனுக்கு எதைக் கொடுக்க?

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. பறவை முட்டைகளைத் தேடி அலையும் பையன் கதை. புதுச்சேரியிலேயே கடைசிவரை வாழ்ந்தவர் எழுதியது. அப்புறம் 'குட்டி இளவரசன்', நேராக பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்தது. கி.ரா.வின் நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளை மட்டும் நீங்கள் முதலில் புரட்டிப் பாருங்கள். எல்லாம் பிள்ளைகளுக்கு ஆகாது!

பண்ருட்டி, வியாபாரி: பாதியில் மூடிவைத்த புத்தகம் உண்டா?

நிறைய. ஐம்பது பக்கத்தில் ஒரு மனிதர்கூடக் கண்முன் வரவில்லை என்றால் மூடிவிடுவேன். குற்ற உணர்ச்சியெல்லாம் கிடையாது.

உப்பளம், பட்டதாரி இளைஞர்: காசு கொடுத்து இத்தனையும் வாங்க முடியாது அண்ணே. என்ன செய்வது?

புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா தம்பி? ரோமன் ரோலன் நூலகம் 1827இலிருந்து இருக்கிறது. உறுப்பினராகச் சேருங்கள். வாங்கியே ஆக வேண்டியதை நெய்வேலி புத்தகக் கண்காட்சி வரை தள்ளிப்போடுங்கள், தள்ளுபடி கிடைக்கும். போகும்போது பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். கையை வீசிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது பையில் சமையல் குறிப்பும் ராசிபலனும்தான் இருக்கும்.