ஆன் பேட்செட்டை நேரில் பார்க்க, கையெழுத்து வாங்க என்ன வழி?

கேள்வி: அட்லாண்டாவில் வேலை பார்க்கிறேன். அமெரிக்க நாவலாசிரியர் ஆன் பேட்செட்டின் ‘பெல் கான்டோ’, ‘தி டச் ஹவுஸ்’ இரண்டும் படித்து அவருக்குத் தீவிர ரசிகையாகிவிட்டேன். அவர் நாஷ்வில்லில் புத்தகக் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நேரே கடைக்குப் போனால் பார்க்க முடியுமா? அவர் பேசும் நிகழ்ச்சிகளைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? சென்னையில் வாங்கிய என் பழைய பிரதியில் கையெழுத்துப் போடுவாரா? மதுரையில் இருக்கும் அம்மாவும் அவருடைய வாசகிதான், அவருக்கும் ஒரு கையெழுத்துப் பிரதி வாங்கித் தர ஆசை. இதுவரை எந்த எழுத்தாளர் நிகழ்ச்சிக்கும் போனதில்லை.

பதில்: கடைக்கு அவசியம் போங்கள். ஆனால் அவரைப் பார்த்தே தீருவது என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். பர்னாசஸ் புக்ஸ் என்ற அந்தக் கடை நாஷ்வில்லின் கிரீன் ஹில்ஸ் பகுதியில், ஹில்ஸ்போரோ பைக் சாலையில், ஒரு டோனட் கடைக்குப் பின்பக்கம் இருக்கிறது. பேட்செட் அதன் உரிமையாளர், கல்லாவில் உட்காருபவர் அல்ல. வருவார், கையெழுத்துப் போட வேண்டிய பிரதிகளுக்குப் போட்டுவிட்டுப் போவார். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்ல முடியாது, கடை ஊழியர்களிடம் அதைத் துருவிக் கேட்பதும் முறையில்லை. அவர் கையெழுத்திட்ட பிரதிகள் கடை அலமாரியிலேயே கிடைக்கும். கடையில் சுற்றித் திரியும் நாய்களைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு.

இந்தக் கடை எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் அடுத்த கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும். 2010 டிசம்பரில் நாஷ்வில்லின் பழைய, பெரிய புத்தகக் கடையான டேவிஸ்-கிட் மூடப்பட்டது. அடுத்த வருடமே பார்டர்ஸ் கடையும் போயிற்று. ஆறு வயதிலிருந்து அந்த ஊரில் வளர்ந்த பேட்செட்டால் இதைத் தாங்க முடியவில்லை. புத்தக வியாபாரத்தில் அனுபவமுள்ள கேரன் ஹேய்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 2011 நவம்பரில் பர்னாசஸைத் திறந்தார். ஆன்லைன் விற்பனையும் கிண்டிலும் கடைகளை விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு நாவலாசிரியர் கடை திறக்கிறார் என்பதே நாடு முழுக்கச் செய்தியானது. 2012-ல் டைம் பத்திரிகையின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ஹேய்ஸ் 2022-ல் ஓய்வு பெற்ற பிறகு கடை முழுதும் பேட்செட்டின் பொறுப்பில்தான்.

ஆக, அவர் எங்கே பேசினாலும் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு தனியார் புத்தகக் கடை மேசை போட்டுப் புத்தகம் விற்றுக்கொண்டிருக்கும். அரங்கு நூலகமாக இருக்கலாம், தேவாலயமாகவோ கல்லூரியாகவோ இருக்கலாம். ஆனால் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்வதிலும் டிக்கெட் விற்பதிலும் கடையின் கைதான் ஓங்கியிருக்கும். அதனால் எழுத்தாளரைத் தேடாதீர்கள், கடைகளைத் தேடுங்கள். பேட்செட் சமூக ஊடகங்களில் இல்லாதவர், அங்கே செய்தி அனுப்பிப் பயனில்லை. பர்னாசஸின் மின்னஞ்சல் மடலுக்குப் பெயர் கொடுங்கள். உங்கள் ஊரில் எ கப்பெல்லா புக்ஸ் என்ற பழைய கடை இருக்கிறது, வெளியூர் எழுத்தாளர்களை அழைத்து நிகழ்ச்சி நடத்துகிறவர்கள். அவர்கள் மடலையும் வாங்குங்கள். அட்லாண்டா ஹிஸ்டரி சென்டரிலும் எழுத்தாளர் உரைகள் நடக்கின்றன. அப்புறம் அவருடைய சொந்த இணையதளத்தில் நிகழ்ச்சிப் பக்கம் ஒன்று உண்டு, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

எப்போது சுற்றுப்பயணம் கிளம்புவார் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்களின் புதுப் புத்தகங்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைதான் வெளிவரும். வெளிவந்த அன்று தொடங்கி இரண்டு மூன்று வாரம் எழுத்தாளர் ஊர் ஊராகப் போவார். சுமார் ஒரு வருடம் கழித்துச் சாதா அட்டைப் பதிப்பு வரும்போது இன்னொரு சின்னச் சுற்று இருக்கலாம். அவருடைய நாவல்கள் வந்த வருடங்களைப் பாருங்கள்: 1992, 1994, 1997, 2001, 2007, 2011, 2016, 2019, 2023. இடைவெளி இரண்டு வருடமும் உண்டு, ஆறு வருடமும் உண்டு. நாவலுக்காக மட்டும் காத்திருந்தால் பொறுமை போய்விடும். அதனால் என் யோசனை வேறு. நாஷ்வில்லுக்கு வேறு எழுத்தாளர்கள் வரும்போது மேடையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து உரையாடுகிறவர் பல நேரங்களில் பேட்செட்தான். அந்த நிகழ்ச்சிகளில் கூட்டம் குறைவு, டிக்கெட் கிடைப்பதும் சுலபம். இன்னொரு நாவலை அவர் எப்படிப் படிக்கிறார் என்று கேட்பது அவர் தன் நாவலைப் பற்றிப் பேசுவதைக் கேட்பதை விட எனக்கு அதிகம் பிடிக்கும். அக்டோபரில் நாஷ்வில்லில் நடக்கும் சதர்ன் ஃபெஸ்டிவல் ஆஃப் புக்ஸ் விழாவுக்கும் ஒரு தடவை போய்வாருங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது.

டிக்கெட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பெரிய பெயருள்ள எழுத்தாளர் என்றால் டிக்கெட் விலையிலேயே புதுப் புத்தகமும் சேர்ந்திருக்கும். அவருடைய 2023 நாவலான ‘டாம் லேக்’ கெட்டி அட்டைப் பதிப்பின் அட்டை விலை 30 டாலர், டிக்கெட்டும் அதை ஒட்டியோ கொஞ்சம் கூடவோதான் இருக்கும். துணைக்கு வருகிறவருக்குத் தனிப் புத்தகம் வேண்டாமென்றால், ஒரு புத்தகத்துக்கு இருவர் என்ற டிக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். இலவச நிகழ்ச்சியிலும் முன்பதிவு கேட்பார்கள். பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால் ரத்து செய்துவிடுங்கள், அந்த நாற்காலிக்காக யாராவது காத்திருப்பார்கள்.

அட்லாண்டாவிலிருந்து போகிறவர்கள் பலரும் மறக்கிற ஒன்று நேர வித்தியாசம். நாஷ்வில் உங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னால். சட்டனூகா வழியாகச் சுமார் 250 மைல், நான்கு மணி நேர ஓட்டம். நீங்கள் மதியம் 1 மணிக்குக் கிளம்பினால் அங்கே மணி 4 தான் ஆகியிருக்கும். மாலை 6.30 நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போய்ச் சேரலாம். திரும்பும்போது அதே ஒரு மணி நேரம் கையை விட்டுப் போகும். நடுவில் மான்டீகிள் மலை இறக்கம் வேறு இருக்கிறது, லாரிகள் நெருக்கியடிக்கும் இடம். கையெழுத்து வரிசை முடிய இரவு 9 தாண்டிவிடும் என்பதால் அன்று இரவு அங்கேயே தங்குவதுதான் நல்லது.

சரி, வரிசைக்கு வருவோம். வழக்கமாக உரையாடல் ஒரு மணி நேரம் நடக்கும், கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் கேள்விகளுக்கு. அப்புறம் கையெழுத்து. நீங்கள் வரிசையில் நிற்கும்போதே கடை ஊழியர் ஒருவர் ஒட்டுச் சீட்டும் பேனாவுமாக வந்து உங்கள் பெயரைக் கேட்பார். இங்கேதான் நம் பெயர்கள் படாத பாடு படும். அவர் காதில் விழுந்தபடி எழுத விடாதீர்கள். சீட்டை வாங்கி, பெயர் புத்தகத்தில் எப்படி வர வேண்டுமோ அப்படியே பெரிய ஆங்கில எழுத்துகளில் நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுத்தாளர் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். சீட்டைத் தலைப்புப் பக்கத்தில் ஒட்டி, அட்டையின் மடிப்பை அந்தப் பக்கத்தில் சொருகிவைத்தால் புத்தகம் அங்கே தானாகத் திறக்கும். கையெழுத்து விழுவது அச்சிட்ட ஆசிரியர் பெயருக்கு அருகில். முதல் வெற்றுத்தாளைத் திறந்து நீட்டுகிறவர்கள் உண்டு, அது தவறில்லை. ஆனால் பேரும் தலைப்பும் உள்ள பக்கத்தில் இருந்தால்தான் பிரதிக்கு மதிப்பு.

உங்கள் சென்னைப் பிரதியைத் தாராளமாக எடுத்துப் போங்கள். புது நாவல் நிகழ்ச்சியாக இருந்தால், அங்கே வாங்கிய புத்தகத்தோடு வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கொண்டுவரலாம் என்ற வரம்பு பெரும்பாலும் இருக்கும். சில இடங்களில் புதுப் புத்தகத்துக்கு மட்டுமே கையெழுத்து என்பார்கள். டிக்கெட் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஓரம் மடிந்த, பக்கம் பழுத்த பிரதி என்று கூச்சப்பட வேண்டாம், படிக்கப்பட்ட புத்தகம் என்பதற்கு அதுதானே அடையாளம். ஆனால் ஒன்று: வெளியிலிருந்து பிரதி கொண்டுபோகிறவர் அந்தக் கடையில் ஒரு புத்தகமாவது வாங்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாலை நிகழ்ச்சிக்கு நாற்காலி போட்டு, ஆள் நிறுத்தி, மைக் வைத்தவர்களுக்கு வருமானம் அந்த விற்பனைதான்.

பேட்செட்டின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1992-ல் முதல் நாவல் வந்தபோது அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. தானே கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தப் பயணங்களைப் பற்றி 2008-ல் தி அட்லாண்டிக் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஆளில்லாத கடையில் ஊழியர்களோடு பேசிக்கொண்டிருந்ததும், பிறகு அந்த ஊழியர்களே தன் புத்தகத்தைப் படித்து வருகிறவர்கள் கையில் கொடுத்ததும் அதில் வருகிறது. நான்காவது நாவலான ‘பெல் கான்டோ’ 2001-ல் வந்து, மறு வருடம் பென்/ஃபாக்னர் பரிசும் பிரிட்டனின் ஆரஞ்சுப் பரிசும் பெற்ற பிறகுதான் அரங்குகள் நிறையத் தொடங்கின. பத்து வருடம் அவரைத் தாங்கிப் பிடித்தவர்கள் கடைக்காரர்கள்.

மேசைக்கு முன்னால் உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். கைபேசியில் கேமராவைத் திறந்து முன்கூட்டியே ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள், பேட்செட் கையெழுத்துப் போடும்போதே படம் எடுத்துத் தருவார்கள். என்ன பேசுவது என்று யோசித்து வைத்த ஒரே ஒரு வாக்கியம் போதும். ‘உங்கள் பெரிய ரசிகை’ என்பதை அன்று இருநூறு பேர் சொல்லியிருப்பார்கள். எந்தக் காட்சி உங்களை விடாமல் பிடித்ததோ அதைச் சொல்லுங்கள். ‘தி டச் ஹவுஸ்’ நாவலில் அக்கா-தம்பி இருவரும் காரை நிறுத்தி, தாங்கள் இழந்த வீட்டைத் தெரு எதிரிலிருந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்களே, அது மாதிரி ஒன்று.

கேள்வி நேரத்தில் எழுந்து கேட்க ஆசை இருந்தால், அதற்கு முன் ‘திஸ் இஸ் தி ஸ்டோரி ஆஃப் எ ஹேப்பி மேரேஜ்’ என்ற 2013 கட்டுரைத் தொகுப்பைப் படித்துவிடுங்கள். தினமும் எத்தனை மணி நேரம் எழுதுகிறீர்கள், கரு எங்கிருந்து வருகிறது போன்ற கேள்விகளுக்கெல்லாம் அதில் உள்ள ‘தி கெட்டவே கார்’ என்ற நீண்ட கட்டுரையில் பதில் இருக்கிறது. மேடையில் அதையே மறுபடி கேட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். அதே தொகுப்பில் 2006-ல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் அவர் பேசிய உரையும் இருக்கிறது. தோழி லூசி கிரீலியுடனான நட்பைப் பற்றி அவர் எழுதிய ‘ட்ரூத் அண்ட் பியூட்டி’ நூலை முதலாண்டு மாணவர்கள் படிக்க வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகம் சொல்ல, புத்தகம் ஒழுக்கக்கேடானது என்று எதிர்ப்புக் கிளம்பியது. அழைப்பை மறுக்காமல் போய், மாணவர்கள் முன்னால் நின்று படிக்கும் உரிமையைப் பற்றிப் பேசினார். எழுத்தாளரின் பொதுமேடை கையெழுத்து மேசையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நிகழ்ச்சிக்குப் போவதற்குள் ஒன்றே ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் இந்தத் தொகுப்பைத்தான் சொல்வேன். ‘டாம் லேக்’ படிப்பதாக இருந்தால் மட்டும், முதலில் தார்ன்டன் வைல்டரின் ‘அவர் டவுன்’ நாடகத்தைப் படித்துவிடுங்கள். ஒரே மாலையில் முடிந்துவிடும், நாவல் முழுக்க அந்த நாடகத்தின் மேல்தான் நிற்கிறது.

கடைசியாக அம்மாவின் பிரதி. இதற்கு நீங்கள் நாஷ்வில் போகக்கூட வேண்டியதில்லை. பேட்செட்டின் புத்தகங்களைக் கையெழுத்தோடு பர்னாசஸ் தபாலில் அனுப்புகிறது. பெயர் எழுதித் தர வேண்டுமென்றால் ஆர்டர் படிவத்தில் குறிப்பு எழுத இடம் இருக்கும், அம்மாவின் பெயரை அங்கே எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்யுங்கள். அவர் கடைக்கு வரும்போதுதான் எழுத முடியும் என்பதால் பிரதி வரச் சில வாரங்கள் ஆகலாம், பிறந்தநாளுக்கு என்றால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். மதுரைக்கு நேரே அனுப்பச் சொன்னால் தபால் செலவு புத்தக விலையை எட்டிவிடும். உங்கள் அட்லாண்டா முகவரிக்கு வரவழைத்து, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புங்கள். எதை வாங்குவது என்று கேட்டால், 2024-ல் வந்த ‘பெல் கான்டோ’வின் குறிப்புப் பதிப்பை வாங்குங்கள். தன் பழைய நாவலின் ஓரங்களில் பேட்செட் கைப்பட எழுதிய குறிப்புகளை அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வாக்கியம் சரியில்லை, இதை இன்று இப்படி எழுதமாட்டேன் என்று தன்னைத் தானே திருத்திக்கொண்டு போகிறார். 1996-ல் லிமாவில் ஜப்பானியத் தூதர் இல்லத்தில் நடந்து 126 நாட்கள் நீடித்த பிணைக்கைதிச் சம்பவத்திலிருந்து பிறந்த நாவல் அது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா ஏற்கனவே படித்த கதை என்பதால் நேராக ஓரக்குறிப்புகளுக்கே போய்விடலாம்.