கத்திரிக்கு முன் இடி, கத்திரிக்குப் பின் காய்ச்சல்: கடலூர், புதுவை கோடை வானிலைக் கேள்வி பதில்

சித்திரை பிறந்ததிலிருந்து மாலையானால் மேற்கே கருமேகம் திரண்டு இடி முழங்குகிறது. கேள்விகளும் குவிந்துவிட்டன. திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மாடியில் இருபது ஆண்டுகளாக மழைமானி வைத்துக் குறிப்பெழுதி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். எச்சரிக்கை என்று வந்தால் வானிலை ஆய்வு மையம் சொல்வதையே கேளுங்கள்.

ஐயா, பண்ருட்டியில் மழை கொட்டுகிறது. 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்களுக்கு ஒரு துளி இல்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை? (கடலூர் முதுநகர்)

ஓரவஞ்சனை செய்வது நம் கடல்தான். காலையில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசுகிறது. நிலம் சூடேறியதும் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே புகுகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மேலே எழும்பி மேகமாகிறது. பிற்பகலில் அந்த இடம் பண்ருட்டி, நெய்வேலி, விழுப்புரம் என்று உள்ளே நகர்ந்துவிடுகிறது. நமக்கு எஞ்சுவது குளிர்ந்த, நிலையான கடற்காற்று. அதில் இடிமேகம் வளராது.

ஏப்ரல், மே மாதங்களில் மேகத்தை நகர்த்தும் மேல்காற்று வலுவாக இருப்பதில்லை. பிறந்த இடத்திலேயே பெய்து தீர்ந்துவிடும். ஜூன் கடைசியில் மேற்குக் காற்று வலுத்த பிறகு கல்வராயன், ஜவ்வாது மலைப்பக்கம் மாலையில் கிளம்பும் இடிமேகங்கள் இரவில் நம்மைத் தேடி வரும். அதுவரை பொறுமை வேண்டும்.

அப்படியானால் இந்தக் கோடை எப்படித்தான் இருக்கும்? (வில்லியனூர்)

இன்னும் நான்கைந்து நாள் உள்பகுதிகளில் மாலை இடிமழை தொடரும் என்பது என் கணிப்பு. பிறகு வானம் வெளுத்து வெயில் ஏறும். விருத்தாசலம், திட்டக்குடி பக்கம் 40 டிகிரியைத் தொடும். கடலோரத்தில் மே மாத உச்ச வெப்பம் சராசரியாக 36, 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் அது எங்கே நிற்கும் என்பதைக் கடற்காற்று வரும் நேரம்தான் முடிவு செய்கிறது.

இதை என் மாடியிலேயே பார்க்கிறேன். காலையில் கொடியில் காயும் வேட்டி கிழக்கு நோக்கிப் படபடக்கும். பன்னிரண்டு மணி வாக்கில் சட்டென்று துவண்டு தொங்கும். அந்தச் சில நிமிடங்கள்தான் நாளின் மிகக் கொடிய நேரம். பிறகு மெல்லப் புரண்டு மேற்கு நோக்கி உப்பும். உப்பு வாடை மூக்கில் ஏறும். வேட்டி பன்னிரண்டுக்குத் திரும்பினால் பாதரசம் 36-இல் நின்றுவிடும். இரண்டரை மணிவரை திரும்பாவிட்டால் அன்று 40-ஐத் தாண்டிவிடும். நம் முன்னோர் மேற்குக் காற்றுக்கே ‘கோடை’ என்று பெயர் வைத்தது சும்மாவா?

அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெயில் தணிந்துவிடும் அல்லவா? ஜூனில் கல்யாணம் வைத்திருக்கிறோம். (லாஸ்பேட்டை)

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை நீளும். அதோடு வெயில் முடியும் என்று நம்ப வேண்டாம் அம்மா. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், இயல்பாக ஜூன் 1 வாக்கில், அந்த மேற்குக் காற்று மலையைத் தாண்டி ஈரமிழந்து நம்மிடம் வருகிறது. கடற்காற்றை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான். நம் கரையில் ஜூன் மாதம் மே மாதத்துக்குச் சற்றும் இளைத்ததல்ல. முகூர்த்தத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். பந்தலில் மோர்ப் பானை இருக்கட்டும்.

வங்கக் கடலில் புயல் வந்தால் வெயில் குறையுமா? (அரியாங்குப்பம்)

நம்மை நெருங்கினால் குறையும். வடக்கே போனால் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். தரைக்காற்று அதன் பின்னால் ஓடும். 2019-இல் ஃபானி புயல் தமிழகத்துக்கு வரும் என்று முதலில் எதிர்பார்த்தோம். அது வளைந்து சென்று மே 3-ஆம் தேதி ஒடிசாவின் பூரி அருகே கரையைக் கடந்தது. நமக்குக் கிடைத்தது வெயில்தான்.

36 டிகிரிதான் காட்டுகிறது. வேலூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எங்களால் தாங்க முடியவில்லையே? (தேவனாம்பட்டினம்)

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறது, உலர்வதில்லை. 35 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறக்குறைய 45 டிகிரி. கடலோர ஊர்களில் 37 டிகிரியை எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். அறிவிப்பு வரவில்லை என்பதற்காகக் கொத்து வேலைக்கும் தார் வேலைக்கும் போகிறவர்கள் துணிந்து நிற்கக் கூடாது. பேச்சு குழறினாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ உடனே நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பை நனைத்து விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அண்ணா, வாழை குலை தள்ளி நிற்கிறது. காற்று அடிக்குமா? (ராமாபுரம்)

அடிக்கும் தம்பி. கோடை இடிமேகம் பெய்யும்போது குளிர்ந்த காற்று மேலிருந்து தொப்பென்று விழுந்து நாலாபக்கமும் சிதறும். பத்தே நிமிடம்தான், ஒரு தோப்பே சாய்ந்துவிடும். இன்றே சவுக்குக் கழி முட்டுக்கொடுங்கள். முற்றிய குலையை வெட்டிவிடுங்கள்.

முந்திரி பொறுக்கும்போது இடி இடித்தால் மரத்தடியில் ஒதுங்கலாமா? (காடாம்புலியூர்)

ஒதுங்கவே கூடாது! வெயிலைவிட இந்தக் கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்கும்வரை எத்தனை வினாடியோ, அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். 30 வினாடிக்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அடுத்தது உங்கள் தோப்பில் இறங்கலாம். கூடையைப் போட்டுவிட்டுத் தளம் போட்ட வீட்டுக்கோ, மூடிய வண்டிக்கோ போங்கள். கீற்றுக்கொட்டகை காப்பாற்றாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். மாட்டையும் மரத்தில் கட்டாதீர்கள். ‘தாமினி’ செயலி அருகில் விழும் மின்னலைக் கைப்பேசியில் காட்டும்; தோப்பில் ஒருவரிடமாவது அது இருக்கட்டும்.

தடைக்காலத்தில் ஃபைபர் படகில் போகிறோம். எந்த நேரம் ஆபத்து? (சோனாங்குப்பம்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதால் ஆழத்தில் துணைக்குப் படகு குறைவு. மாலையில் மேற்கே கறுத்தால் வலையை வாரிக்கொண்டு திரும்பிவிடுங்கள். மேகத்திலிருந்து கிளம்பும் கச்சான், அதாவது மேற்குக் காற்று, படகை வெளியே தள்ளிக்கொண்டு போகும்.

ஐயா, நான் ஏழாம் வகுப்பு. வீட்டிலேயே மழை அளக்க முடியுமா? (பாகூர்)

முடியும் கண்ணே. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில், சாயாதபடி வை. தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே அளவுகோலை விட்டுப் பார். வானிலை நிலையங்களும் அந்த நேரத்தில்தான் அளக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். விடுமுறைதானே என்று தூங்கிவிடாதே; சித்திரை வெயில் பத்து மணிக்குள் பாதித் தண்ணீரைக் குடித்துவிடும்.