இறாலின் சொடுக்கைப் படமெடுக்க லேசர்

கேள்வி: பவளப்பாறை உள்ள இடங்களில் நீரில் மூழ்கினால் பொரி வெடிப்பதைப் போலச் சடசடவென்று கேட்கிறது. ஒரு வகை இறாலின் கொடுக்கிலிருந்து எழும் சத்தம் என்கிறார்கள். அதை லேசர் ஒளியில் படமெடுக்க இயலுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: இயலும். கொடுக்கு மூடும்போது நொடிக்கு 25 மீட்டர் வரை நீர் பாய்கிறது; அப்போது தோன்றும் குமிழி குலைவதே அந்தச் சத்தம் என்பதை, நொடிக்கு 40,000 படங்கள் எடுத்த ஓர் ஆய்வு 2000-இல் காட்டியது. இவ்வளவு வேகமான நீர்த்தாரை 1/8000 நொடி ஷட்டரில்கூட மூன்று மில்லிமீட்டர் நகர்ந்து மங்கிவிடும். லேசர் துடிப்பு நீடிப்பதோ சில நானோநொடிகள்தான். 10 நானோநொடியில் தாரை கால் மைக்ரான் மட்டுமே நகர்வதால், இருட்டறையில் ஷட்டர் திறந்தே இருந்தாலும் படம் கூர்மையாக விழும்.

சிக்கலெல்லாம் தருணத்தைப் பிடிப்பதில்தான். நீருக்கடி மைக் சத்தம் கேட்டதும் லேசரை இயக்கினால் காரியம் கெட்டது. குமிழி அதற்குள் குலைந்திருக்கும், மைக் 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஒலி வந்துசேரவே இன்னும் 0.1 மில்லிநொடி ஆகும். ஆகவே கேமரா ஓயாமல் பதிந்து பழையதை அழித்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துடிப்பு வீதம் லேசர் ஒளிர வேண்டும். சத்தம் கேட்டதும் முந்தைய படங்களைச் சேமிக்கலாம்.

நீர்த்தாரைக்கு மட்டுமென்றால் லேசர் தேவைக்கு மிஞ்சியது, மைக்ரோநொடி மின்னல் விளக்கே போதும் என்பது என் கருத்து. குமிழி குலையும் கடைசிக் கணத்துக்குத்தான் லேசர் வேண்டும். அப்போதும் லேசருக்கே உரிய புள்ளிக்கோலம் (படமெங்கும் மணல் தூவியதுபோல் விழும் ஒளிப்புள்ளிகள்) படத்தைக் கெடுக்காதிருக்க, ஒளியை ஒளிரும் சாயத்தகட்டின் வழியே பரப்பி அனுப்புவது வழக்கம்.