விமானம் போனால் ஜன்னல் அதிரும், சுவர் விரிசல் விடுமா?

கேள்வி: தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் பக்கம் வீடு கட்டி நான்கு வருடம் ஆகிறது. விமானம் இறங்கும்போது ஜன்னல் கடகடவென்று ஆடுகிறது. ஆச்சி பயந்துபோய் வாசலுக்கு ஓடிவிடுகிறார். இப்போது ஹால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். மனை கரிசல் மண். விமான நிலையத்தில் நஷ்ட ஈடு வாங்கித் தருவதாக ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம். 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாயிற்று. 'இனி பெரிய விமானம் வரும், வீடு தாங்காது' என்று கிளப்பிவிட இது போதாதா? பணம் போனால்கூடப் பரவாயில்லை. பத்திர நகலும், எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு.

சரி, ஜன்னலுக்கு வருவோம். விமானச் சத்தத்தில் உள்ள கனத்த, தாழ்ந்த ஒலி லேசான பொருளை ஆட்டும். சட்டத்தில் தளர்ந்து கிடக்கும் கண்ணாடி ஆடும், பரணில் எவர்சில்வர் பாத்திரம் ஆடும். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரை அதனால் பிளக்க முடியாது. ஆச்சியை விரட்டுவது பாதி விமானம், பாதி அந்தக் கடகடப்பு. கண்ணாடி ஓரத்தில் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர் பட்டையை (பீடிங்) மாற்றி, கொக்கியை இறுக்குங்கள். சத்தம் அதே அளவுதான் இருக்கும், வீடு ஆடுகிற உணர்வு போய்விடும். சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அது அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் கரிசல்தான். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கினால், ஜன்னல் மூலையில்தான் முதலில் சாய்வாகக் கீறும். விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். துண்டு உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்றும் பாருங்கள். மனைக்கு அப்ரூவல் வாங்க எத்தனை தாள் கேட்டார்கள்! அடியில் என்ன மண் என்று ஒருவராவது கேட்டார்களா?

ஒரே ஒரு விதிவிலக்கு. ராணுவ விமானம் ஒலியை மிஞ்சிய வேகத்தில் போனால், வானத்தில் வெடி போட்ட மாதிரி 'டொம்' என்று ஒரே அடி விழும். இரைச்சல் கூடிக்கூடி வராது, முன்னறிவிப்பே இருக்காது. அதில் தளர்ந்த கண்ணாடி உடையலாம், ஏற்கெனவே விட்டுப்போன பூச்சு உதிரலாம். அப்படி நடந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்து, விஏஓவிடம் எழுதிக் கொடுங்கள். ஆனால் நீங்கள் சொல்வது தினமும் இறங்குகிற பயணிகள் விமானம். அது ஒலியைவிட மெதுவாகத்தான் பறக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் தரகர் பிழைக்கிறார்.

சத்தமே தாங்கவில்லை என்றால் திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸில் நீங்களே மனு கொடுக்கலாம், காசு வேண்டாம். அது மேசை மேசையாகப் போய், 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு தாளாகத் திரும்பி வரும். அதற்குள் பீடிங்கை மாற்றிவிடுங்கள். கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய தேதியை எழுத மறக்காதீர்கள், எங்கள் கொத்தனார்களே மறந்துவிடுகிறார்கள்.