வாட்டர் வீல் சுத்துது, மிக்சர் மட்டும் ஏன் கலக்க மாட்டேங்குது?

கேள்வி: மைன்கிராஃப்ட் கேம்ல கிரியேட் மாட் (கியர், மெஷின் எல்லாம் சேக்கற ஆட்-ஆன்) இப்பதான் போட்டேன். ஆத்துல சின்ன வாட்டர் வீல் ஒண்ணு வெச்சு பிரஸ் ஓட்டினேன், ஓடுச்சு. அதோட மிக்சர் சேத்தா, மேல சக்கரம் சுத்துது ஆனா பேசின்ல (கீழ இருக்கற தொட்டில) போட்டது அப்படியே கிடக்கு. பெரிய கியர் போட்டு ஸ்பீடை ஏத்தினா பிரஸ்ஸும் சேந்து எல்லாமே நின்னுடுது. என்ன பண்ணலாம்?

பதில்: ஸ்பீடு வேற, பலம் வேற. இந்த மாட்ல புதுசா வர்ற எல்லாரும் வழுக்குற இடம் இதுதான், நானும் ரெண்டு நாள் குழாயடிச் சண்டை மாதிரி அந்த கியர்களோட மல்லு கட்டிருக்கேன்.

மிக்சருக்கு குறைஞ்சது 30 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) வேணும், உங்க வீல் தர்றது 8. அதான் சும்மா சுத்துது. பெரிய கியர்லேருந்து சின்ன கியருக்கு குறுக்கா கொடுத்தா ஸ்பீடு டபுள் ஆகும், அப்போ 8, 16, 32, ரெண்டு ஜோடி போதும், மிக்சர்லயே ஒரு சின்ன கியர் இருக்கறதால கடைசி கியர் அதுவே. பேசினுக்கும் மிக்சருக்கும் நடுவுல ஒரு பிளாக் காலியா விடணும், இதை மறந்துடாதீங்க.

இப்போ ஏன் நிக்குதுன்னு பாப்போம். டீஃபால்ட் செட்டிங்ல அந்த வீல் தாங்கற பாரம் 256 எஸ்யூ (ஸ்ட்ரெஸ் யூனிட், இந்த மாட்ல பாரத்தோட அளவு). கியர் போட்டு ஸ்பீடை ஏத்தினா இது ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது, ஆனா மெஷின் தின்கறது மட்டும் ஸ்பீடோட சேந்து ஏறும். மிக்சர் ஒரு ஆர்பிஎம்முக்கு 4 எஸ்யூ, பிரஸ் 8. ரெண்டையும் 32ல ஓட்டினா 128ம் 256ம் சேந்து 384, வீல் கைய விரிச்சிடும்.

அதனால பிரஸ்ஸை கியருக்கு முன்னாடியே, வீலோட அச்சுலயே மாட்டுங்க. 8 ஆர்பிஎம்ல அது தின்கறது வெறும் 64. மிக்சரோட 128 சேத்தா 192, இன்னும் 64 மிச்சம், ஒரு மில்ஸ்டோனை (அரைக்கிற கல்லு) அதே மெதுவான பக்கம் வெச்சா அதுக்கு 32 போதும். பிரஸ் ஆமை மாதிரிதான் அடிக்கும், ஆரம்பத்துல நமக்கு என்ன அவசரம்?

அதுக்கு மேல வேணும்னா அதே அச்சுல இன்னொரு வீல் சேருங்க, 512 ஆயிடும், ஸ்பீடு அதே 8தான். ரெண்டும் ஒரே பக்கம் சுத்துதான்னு பாத்துட்டு இணைங்க, எதிரெதிரா சுத்தினா பார்ட் உடைஞ்சு கீழ விழுந்துடும். பெரிய வாட்டர் வீல் ஒண்ணே 512 தரும்தான், ஆனா சுத்தறது 4 ஆர்பிஎம், அதுக்கு இன்னொரு ஜோடி கியர் தேடணும்.

இன்ஜினியர் காகிள்ஸ் (இந்த மாட்ல வர்ற கண்ணாடி) செஞ்சு மாட்டிக்கோங்க, எந்த மெஷின் எவ்ளோ தின்னுதுன்னு பாத்தாலே காட்டும், இந்தக் கணக்கெல்லாம் மனசுல போட வேண்டாம்.