ஒப்பந்தம் கணவர் பெயரில்: சனிக்கிழமை பூட்டை மாற்றிவிட முடியுமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் மாதம் 900 வெள்ளி வாடகைக்கு இருக்கிறோம். ஒப்பந்தம் என் கணவர் பெயரில். அவர் எங்களை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது. வாடகையும் அன்றிலிருந்து பாக்கி. போகும் முன் என்னை அடித்தார். சனிக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவேன் என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறார். ஒப்பந்தத்தில் என் பெயர் இல்லாததால் எனக்கு உரிமையே இல்லை என்கிறார். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவது?

பதில்: சனிக்கிழமை நீங்கள் வெளியேற வேண்டியதில்லை, சகோதரி. 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7(2) பிரிவு, வாடகைக்காலம் முடிந்த பிறகும் வீட்டில் இருப்பவரை நீதிமன்ற வழக்கு இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது. அது சொல்வது கையெழுத்துப் போட்டவரை அல்ல, ‘குடியிருப்பவரை’. வாடகைக்காலம் முடிந்தபோது முறைப்படி அங்கே வசித்தவர் எவரும் அதில் அடங்குவார் என்று 7(3) பிரிவு விளக்குகிறது. வாடகைதாரரின் மனைவியாகக் குடிவந்த நீங்களும் அடக்கம். வாடகைக்காலம் இன்னும் முடியவே இல்லையென்றால் வீட்டுக்காரர் கை இன்னும் பலவீனம்.

வாட்ஸ்அப் செய்தியைத் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள். இன்றே போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். “இது சிவில் விவகாரம்” என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள்; “ரிப்போர்ட் பதிவானால் போதும்” என்று சொல்லி விடாமல் நில்லுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருப்பதும், ‘தன்பா பெரிந்தா மஹ்கமா’ (மலாயில், நீதிமன்ற ஆணை இல்லாமல்) பூட்டை மாற்றுவதாக அவர் மிரட்டியதும் அதில் வர வேண்டும். நகலைக் கேட்டு வாங்குங்கள். மீறி அவர் பூட்டினாலோ மின்சாரத்தைத் துண்டித்தாலோ, ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் செஷன்ஸ் நீதிபதியிடம் அவசரத் தடையுத்தரவு கேட்க அந்த நகல்தான் கைகொடுக்கும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் அரசின் சட்ட உதவி இலாகாவையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள்.

ஆனால் இது நிரந்தரக் கூரை அல்ல. வீட்டுக்காரர் முறையாக வழக்குப் போட்டால் ஜெயிப்பார். ரிட் சம்மன் (வழக்குக்கான நீதிமன்ற அழைப்பு) கையில் கிடைத்த 14 நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆஜர் பதிவு செய்யாவிட்டால் உங்களைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். பலர் சம்மனை அலமாரியில் செருகிவிட்டுத்தான் வீட்டை இழக்கிறார்கள். காலம் முடிந்தும் தங்கினால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28(4) பிரிவின்படி இரட்டை வாடகை கேட்கவும் அவருக்கு வழியுண்டு.

ஆகவே கணக்கோடு பேசுங்கள். பாக்கி 2,700 வெள்ளி. வழக்கம்போல இரண்டு மாத டெபாசிட் கட்டியிருந்தால் 1,800 அவர் கையில் இருக்கிறது. மிச்சம் 900 மட்டுமே. அதைத் தவணையில் தருகிறேன், அடுத்த மாதம் முதல் ஒப்பந்தத்தை என் பெயரில் எழுதுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வழக்குச் செலவை யோசிக்கும் வீட்டுக்காரர் இதற்கு இறங்கி வர வாய்ப்புண்டு. ‘வீட்டை ஒப்படைக்கிறேன்’ என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த வாடகைக்குப் பணம்? விவாகரத்து வரை காத்திருக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டு மணமான பெண்கள், பிள்ளைகள் ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் இப்போதே மாதத் தொகை கேட்கலாம். கணவர் சம்பளக்காரர் என்றால் முதலாளி நேரே பிடித்துக் கட்டும்படி ஆணை பெறவும் முடியும். திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அவர் வேலையிடத்தின் பெயர் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். (முஸ்லிம் வாசகிகளுக்கு இது ஷரியா நீதிமன்ற விவகாரம்.)

அடித்ததற்குத் தனி ரிப்போர்ட் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வாடகைத் தகராறு என்று மேலோட்டமாகப் பார்த்துவிடுவார்கள். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, வீடு அவர் பெயரில் வாடகைக்கு எடுத்ததாகவே இருந்தாலும் அவரை வெளியே நிறுத்தி, உங்களை மட்டும் அங்கே குடியிருக்கவிட நீதிமன்றம் ஆணையிடலாம். அது கணவரைத்தான் கட்டுப்படுத்தும், வீட்டுக்காரரை அல்ல.

இதற்கிடையே டிபிகேஎல்லில் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) பிபிஆர் எனும் குறைந்த வாடகை அரசு அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே மாத வாடகை 124 வெள்ளி. வரிசை நீளமானது, அதனால்தான் இன்றே. கணவர் உடன் இல்லை என்பதைக் காட்ட ரிப்போர்ட் நகல்களை இணையுங்கள். ஜீவனாம்ச ஆணை கிடைத்ததும் அதையும் சேர்த்துக் கொடுங்கள். நிலைமை கைமீறி ஓரிரவு தங்க இடம் வேண்டுமானால் அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணை அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள். பிள்ளைகள் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.